பெரிய பெயர் காப்பாற்றாது

மார்ச் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் பல வீடுகளில் ஒரே பேச்சு. அமெரிக்காவுக்கு விண்ணப்பித்த மகனுக்கோ மகளுக்கோ மூன்று, நான்கு இடங்களிலிருந்து ‘அட்மிட்’ வந்திருக்கும். எதை எடுப்பது? கல்லூரி சீனியர், கன்சல்டன்சிக்காரர், பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பா, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “ரேங்க்ல எது மேல இருக்கோ அதை எடு. செலவு கூட ஆனாலும் பரவாயில்லை. பேரு கடைசிவரைக்கும் கூட வரும்.”

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரை இது. ஆனாலும் தவறான அறிவுரை. சொந்த நாட்டில் படிப்பவருக்கே இது பாதி உண்மை. விசாவில் போய்ப் படிப்பவருக்கு இது ஆபத்து. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பும் சேர்க்கைக் கடிதம் ஓர் ஒப்பந்தம். யார் பணம் தருகிறார்கள், எத்தனை ஆண்டுக்குத் தருகிறார்கள், யாருடைய வழிகாட்டலில் வேலை, படிப்பு முடிந்தபின் எத்தனை காலம் அங்கே தங்கலாம் என்ற நான்கு கேள்விகளுக்கான பதில்தான் அந்த மாணவரின் அடுத்த பத்தாண்டுகளைத் தீர்மானிக்கிறது. எந்தத் தரவரிசைப் பட்டியலும் இந்த நான்கில் ஒன்றைக்கூட அளப்பதில்லை.

அப்படியானால் பட்டியல் எதைத்தான் அளக்கிறது? நம்மிடையே அதிகம் புழங்குவது லண்டனைச் சேர்ந்த கியூ.எஸ். நிறுவனத்தின் உலகப் பட்டியல். அதன் 2024 பதிப்பிலிருந்து, மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்புக்கு. 15 விழுக்காடு வேலை தருவோரிடம் எடுக்கும் கருத்துக்கணிப்புக்கு. அதற்கு முன்பு கல்வியாளர் கருத்துக்கு மட்டுமே 40 விழுக்காடு இருந்தது. ஏறக்குறையப் பாதி மதிப்பெண், ஓர் இடத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கே போகிறது. அமெரிக்காவின் யு.எஸ். நியூஸ், கணினி அறிவியல், இயற்பியல் போன்ற துறைகளின் முனைவர் படிப்புகளை வரிசைப்படுத்துவது முழுக்க முழுக்கக் கருத்தை வைத்துத்தான். துறைத் தலைவர்களும் மேற்படிப்புப் பொறுப்பாளர்களும் மற்ற துறைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். அதன் சராசரிதான் தரவரிசை. உதவித்தொகையில் வாடகை கட்ட முடிகிறதா, வழிகாட்டி மாணவரை மதிக்கிறாரா, படிப்பை முடிக்க எத்தனை ஆண்டாகிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

கருத்துக்குப் பதில் எண்களை வைத்துச் செய்யும் பட்டியல்களிலாவது நம்பகம் உண்டா என்றால், அதிலும் கீறல் விழுந்திருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி, ஆன்லைன் எம்.பி.ஏ. பட்டியலில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. தரவரிசைக்குப் பொய்யான தகவல் கொடுத்ததற்காக அதன் முன்னாள் டீன் மோஷே போராட் 2021இல் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு 14 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதே 2022இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் யு.எஸ். நியூஸுக்குக் கொடுத்த எண்கள் சரியில்லை என்று ஆதாரத்தோடு எழுதினார். இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா அந்த ஆண்டே 18ஆம் இடத்துக்கு இறங்கியது. இடைப்பட்ட சில மாதங்களில் அங்கே வகுப்பறைகளோ ஆசிரியர்களோ மாறிவிடவில்லை. நம் பிள்ளைகளின் கடனுக்கு நாம் ஆதாரமாக வைக்கும் எண் இப்படிப்பட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் வீடுகளில் பேசப்படும் ‘ரேங்க்’ முழுப் பல்கலைக்கழகத்துக்கு உரியது; பிள்ளை படிக்கப்போவது ஒரு துறையில். ஜார்ஜியா டெக் அண்மை ஆண்டுகளின் கியூ.எஸ். உலகப் பட்டியலில் முதல் ஐம்பதுக்குள்கூட இல்லை. அமெரிக்கப் பொறியியல் மேற்படிப்புப் பட்டியலிலோ அது எப்போதும் முதல் பத்துக்குள் இருக்கிறது. உலகப் பட்டியலை மட்டும் பார்த்து ஜார்ஜியா டெக்கை ஒதுக்குபவர், தரவரிசையின் விதிப்படியே தவறு செய்கிறார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 2011 முதல் 2020 வரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய ஆசிரியர்கள் எங்கே முனைவர் பட்டம் பெற்றார்கள் என்று கணக்கெடுத்தது. அமெரிக்காவில் பட்டம் பெற்ற ஆசிரியர்களில் எண்பது விழுக்காட்டினரை, ஐந்தில் ஒரு பங்குப் பல்கலைக்கழகங்களே உருவாக்கியிருந்தன. பெர்க்லி, ஹார்வர்ட், மிச்சிகன், விஸ்கான்சின்-மாடிசன், ஸ்டான்ஃபோர்ட் ஆகிய ஐந்து மட்டுமே எட்டில் ஒருவரைத் தந்திருந்தன. பெயருக்கு மதிப்பில்லை என்று சொல்ல இதற்குப்பின் யாருக்கும் வாயில்லை. பேராசிரியர் வேலைதான் இலக்கு, இரண்டு இடங்களிலும் நிதியும் வழிகாட்டியும் சமம் என்றால், பெரிய பெயரை எடுப்பதுதான் அறிவு.

ஆனால் அந்த ஆய்வு யாரை எண்ணியது என்பதைக் கவனியுங்கள். பட்டத்தை முடித்து, வேலையும் கிடைத்தவர்களை மட்டுமே எண்ணியது. பாதியில் விட்டுப்போனவர்கள் அதில் இல்லை. அமெரிக்க மேற்படிப்புக் கல்லூரிகளின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் செய்த நீண்டகால ஆய்வின்படி, முனைவர் படிப்பில் சேர்பவர்களில் பத்தாண்டுக்குள் முடிப்பவர்கள் சுமார் 57 விழுக்காடு. படிப்பை முடித்தவருக்குத்தான் பெயர் பயன்படும். முடிப்பதற்கு வேண்டியவை பொறுப்பான வழிகாட்டி, நிற்காத நிதி, வாழ முடிகிற உதவித்தொகை. பெயரை நம்பி இவற்றை விட்டுக்கொடுப்பவர், அந்தப் பெயரை வாங்கும் வாய்ப்பையே குறைத்துக்கொள்கிறார்.

மேலும், இங்கிருந்து போகும் பிள்ளைகளில் பெருந்தொகையானோர் பேராசிரியராகப் போவதில்லை. எம்.எஸ். முடித்து வேலைக்குப் போகத்தான் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்கு அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.எஸ். என்பது முழுக் கட்டணம் செலுத்திப் படிக்கும் படிப்பு. ஆய்வு உதவித்தொகையும் பேராசிரியரின் கவனமும் முதலில் முனைவர் மாணவர்களுக்குத்தான். பட்டியலில் அந்த இடத்தை மேலே ஏற்றிய ஆய்வுகள் நடக்கும் கூடத்துக்குள் காலடி வைக்காமலே எம்.எஸ். முடித்துத் திரும்பிவிட முடியும். கையில் இருக்கும் இன்னொரு கடிதம், பெயர் அவ்வளவு தெரியாத ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். அங்கே தீசிஸ் எழுத இடமும், இரண்டாம் பருவத்திலிருந்து உதவியாளர் வேலைக்கு நியாயமான வாய்ப்பும் இருக்கலாம். இந்த வேறுபாட்டைப் பட்டியல் சொல்லாது. அங்கே படிக்கும் மாணவரிடம் பத்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும்.

இனிப் பணத்துக்கு வருவோம். ஐம்பது லட்சம் ரூபாய்க் கடன், 11 விழுக்காடு வட்டி, பத்தாண்டுத் தவணை. மாதம் ஏறக்குறைய 69,000 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது 82 லட்சத்துக்கு மேல். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. அதே வட்டியில் 25 லட்சம் வாங்கியவருக்கு மாதத் தவணை ஏறக்குறைய 34,500. டாலரில் சம்பளம் வாங்குபவர் இரண்டையும் கட்டிவிடலாம். சென்னைக்கோ கோவைக்கோ திரும்பி வர நேர்ந்த இளம் பொறியாளர், இரண்டாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டலாம். முதலாவதை அவருடைய அப்பாதான் கட்டுவார். நம் குடும்பங்கள் ஒரு மனை வாங்குவதற்கு முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுக்கின்றன, தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகின்றன. அதே வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பிள்ளையை அனுப்பும்போது, கையிலுள்ள கடிதத்தை இரண்டாம் முறை படிப்பதில்லை. அந்த மனைக்குக் காட்டிய கவனத்தில் பாதியையாவது பிள்ளையின் படிப்புக்குக் காட்டுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

“அங்கே வேலை கிடைத்துவிட்டால் இரண்டே வருஷத்தில் அடைத்துவிடலாம்” என்பது அடுத்த வாதம். அந்த ‘கிடைத்துவிட்டால்’ எதைச் சார்ந்திருக்கிறது? எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பு முடிந்ததும் 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்பென்றால் மேலும் 24 மாதம். அதற்குப்பின் எச்-1பி என்ற வேலை விசா தேவை. ஆண்டு ஒதுக்கீடு 65,000. அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு இன்னொரு 20,000. 2023 மார்ச்சில் இதற்குப் பதிவானவை ஏழரை லட்சத்துக்கும் மேல். பதிவுகளிலிருந்து எடுக்கும் இந்தத் தேர்வில் பெரிய பெயருக்குத் தனி வரிசை கிடையாது. முதுகலை ஒதுக்கீட்டுக்கு, அங்கீகாரம் பெற்ற, லாப நோக்கமற்ற அமெரிக்கக் கல்வி நிறுவனத்தின் பட்டம் வேண்டும். அது உலகப் பட்டியலில் பத்தாவதா, ஐந்நூறாவதா என்று யாரும் கேட்பதில்லை. நிரந்தர வசிப்புரிமை அட்டைக்கான (கிரீன் கார்டு) வரிசையிலும் பிறந்த நாடுதான் கணக்கு. ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற வரம்பினால் இந்தியர்கள் பல்லாண்டுகள் காத்திருக்கிறார்கள்.

தரவரிசை காட்டாத, மாணவரின் வாழ்க்கையை நேரடியாக மாற்றுகிற ஒரு விஷயம், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்திலேயே அச்சாகி வருகிறது. படிப்புக்கான வகைப்பாட்டு எண் அது. அந்த எண்ணை வைத்துத்தான் கூடுதல் 24 மாதம் உண்டா, இல்லையா என்று முடிவாகும். பொருளாதாரம், மேலாண்மை சார்ந்த படிப்புகளில் இது மிக முக்கியம். ஒரு பல்கலைக்கழகம் தன் பொருளாதார முதுகலையைப் பொதுப் பொருளாதாரம் என்று பதிந்திருக்கும். இன்னொன்று அளவைசார் பொருளாதாரம் என்று பதிந்திருக்கும். பாடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். முதலாவதில் படித்தவருக்கு வேலை பார்க்க ஓராண்டு, இரண்டாவதில் படித்தவருக்கு மூன்றாண்டு. விசாத் தேர்வில் ஒரு முறை முயல்வதற்கும் மூன்று முறை முயல்வதற்கும் உள்ள வேறுபாடு இது. பட்டியலில் முப்பது இடம் மேலே இருப்பதால் இந்த இழப்பு ஈடாகாது. உள்நாட்டு மாணவருக்கு இந்தக் கேள்வியே எழாது. அவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரையை நாம் அப்படியே வாங்கிக்கொள்வதில் உள்ள பிழை இதுதான்.

முனைவர் படிப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பிழையின் விலை இன்னும் அதிகம். கடிதத்தில் ‘முழு நிதியுதவி’ என்ற சொல்லைக் கண்டதும் வீட்டில் இனிப்பு வாங்கிவிடுகிறோம். எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் இருக்கிறதா? ஒன்பது மாதத்துக்கா, கோடைக்காலமும் சேர்த்துப் பன்னிரண்டு மாதத்துக்கா? மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுவது? கல்விக் கட்டணம் தள்ளுபடியானாலும் மற்றக் கட்டணங்கள் மாணவர் தலையிலா? வழிகாட்டி வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் நிதி தொடருமா? விசாவில் இருப்பவர் பருவக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். உதவித்தொகை போதாத உள்ளூர் மாணவர் மாலையில் வெளியே எங்காவது வேலை தேடிக்கொள்வார். நம் மாணவருக்கு அந்த வழி சட்டப்படி அடைபட்டது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அவற்றில் அடக்கம். உலகம் வியக்கும் ஆய்வுக்கூடங்களில் உழைத்தவர்கள், சம்பளம் வாடகைக்கே போய்விடுகிறது என்றுதான் தெருவுக்கு வந்தார்கள். பெரிய பெயர் அந்த வாடகையைக் குறைக்கவில்லை. போராடித்தான் சம்பளத்தை உயர்த்திக்கொண்டார்கள்.

வழிகாட்டியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பிஎச்.டி. மாணவருடைய நிதி, ஆய்வுத் தலைப்பு, பரிந்துரைக் கடிதம், பட்டம் பெறும் நாள் எல்லாம் பெரும்பாலும் ஒரே மனிதரின் கையில். முழுநேர மாணவராக இருந்தால்தான் விசா. உறவு கெட்டால் உள்ளூர் மாணவர் ஓராண்டு விலகி நின்று யோசிக்கலாம். நம் மாணவர் இன்னொரு வழிகாட்டியையோ இன்னொரு பல்கலைக்கழகத்தையோ உடனே தேட வேண்டும். இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். ஆகவே பெயர்பெற்ற ஆய்வுக்குழுவில் அழுதுகொண்டே ஆறாண்டு இருப்பதைவிட, மாணவர்களை ஒழுங்காகப் பட்டம் பெறவைத்து வேலைக்கு அனுப்பும் அவ்வளவாகப் பெயரில்லாத பேராசிரியரிடம் போவது எல்லா வகையிலும் மேல். அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், யாராவது பாதியில் போனார்களா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல பேராசிரியர்கள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கிறார்கள்.

“எது எப்படியானாலும் பெரிய இடம் பாதுகாப்பு” என்று இன்னும் நம்புபவர்கள் 2025ஐ நினைவில் கொள்ள வேண்டும். மே 22 அன்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் ஹார்வர்டின் உரிமையையே ரத்து செய்தது. மறுநாள் நீதிமன்றம் தடுத்தது. இடைப்பட்ட நேரத்தில், உலகின் மிகப்பெரிய பெயரைத் தாங்கி நின்ற ஆயிரக்கணக்கான மாணவர்கள், வேறு இடத்துக்கு மாறுவதா, நாட்டைவிட்டுப் போவதா என்று கலங்கினார்கள். அதே ஆண்டு மார்ச்சில், ஆய்வு நிதி குறித்த நிச்சயமின்மையால் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, முனைவர் படிப்புக்குக் கொடுத்திருந்த சேர்க்கைகளைத் திரும்பப் பெற்றது. செப்டம்பரில், புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபரின் பிரகடனம் வந்தது. பிரிட்டனும் இப்படித்தான். படிப்புக்குப்பின் வேலை பார்க்கும் வசதியை 2012இல் மூடியது, 2021இல் இரண்டாண்டு என்று திறந்தது, 2027 தொடக்கத்திலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைக்கிறது. விதிகள் நம் படிப்பு முடிவதற்குள்ளேயே மாறும். அப்போது தாங்கி நிற்பவர், கடன் குறைவாக வைத்திருப்பவரும் திரும்பி வந்தாலும் பிழைக்கும் திறனைக் கற்றவரும்தான்.

ஆளைப் பார்த்து இடத்தைத் தேர்ந்த ஒருவரை நம் ஊரே பெருமையாகப் பேசுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் போன வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு 1936இல் இரண்டு அழைப்புகள் கையில் இருந்தன. ஒன்று ஹார்வர்டிலிருந்து. மற்றொன்று விஸ்கான்சினில் வில்லியம்ஸ் பே என்ற சிற்றூரில் சிகாகோ பல்கலைக்கழகம் நடத்திய யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து. அதன் இயக்குநர் ஆட்டோ ஸ்ட்ரூவே, கைப்பர், ஸ்ட்ராம்கிரென் போன்ற இளைஞர்களைத் திரட்டி ஒரு புதிய குழுவைக் கட்டிக்கொண்டிருந்தார். சந்திரசேகர் யெர்க்ஸுக்குப் போனார். வாழ்நாள் முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். சிதம்பரத்தில் பிறந்து பின்னாளில் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் முனைவர் பட்டம் பெற்ற ஓஹையோ பல்கலைக்கழகத்தை நம் கன்சல்டன்சிக்காரர்கள் ‘சேஃப்’ பட்டியலில்தான் வைப்பார்கள். பெயரைத் துறந்தால் நோபல் வரும் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டு மேதைகளை வைத்து எந்த விதியையும் நிறுவ முடியாது. பெரிய பெயரை விட்டால் வாழ்க்கையே போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்ட அந்த இருவர் போதும்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. குடும்பத்தில் முதல் ஆளாக வெளிநாடு போகும் பிள்ளைக்கு வழிசொல்ல வீட்டில் யாருமில்லை. ரேங்க் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைக்கும் எண், அதைப் பற்றிக்கொள்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயத்தை முதலீடாக்கித் தொழில் நடத்துபவர்களைத்தான் குறை சொல்கிறேன். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள், மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குத் தரகு கொடுப்பது ஊரறிந்த நடைமுறை. நம்மிடம் கட்டணமே வாங்காத முகவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், அவருடைய அறிவுரை யாருக்கு உழைக்கிறது என்பது விளங்கும். கல்யாண மண்டபத்தில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும் என்ற நம் ஆசையும் அவர்களுக்குத் துணைபோகிறது. அந்தப் பெருமை ஒரு வாரம் இருக்கும். தவணை பத்தாண்டு இருக்கும்.

இதற்கு மாற்று, கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வந்திருக்கும் கடிதங்களை வரிசையாக வைத்து, நிதி, காலம், வழிகாட்டி, தங்கும் உரிமை என்ற நான்கையும் ஒவ்வொன்றிலும் தேடுங்கள். எழுத்தில் இல்லாததைத் துறைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இப்போது அங்கே படிக்கும் இருவரிடமும், படித்து முடித்து வெளியேறிய இருவரிடமும் பேசுங்கள். அந்த ஊரின் வாடகையைத் தேடி, உதவித்தொகையிலிருந்து கழித்துப் பாருங்கள். நிதியுதவியோடு வந்த கடிதத்துக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், ஏப்ரல் 15க்கு முன் முடிவு சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. நிதியுதவி இல்லாத எம்.எஸ். சேர்க்கைக்கு இந்தக் காப்பு இல்லை. அங்கே முன்பணக் கெடுவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நான்கு கேள்விகளுக்கும் எந்தக் கடிதமும் நல்ல பதில் தரவில்லையென்றால், எல்லாவற்றையும் மறுத்துவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பதும் தோல்வி ஆகாது. வரி வாங்கித் தன் பல்கலைக்கழகங்களை நடத்தும் ஜெர்மனியில், பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைக் காட்டவும் ஜெர்மன் மொழி கற்கவும் தயாராக இருப்பவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

பெற்றோர்களே, “எந்த யுனிவர்சிட்டி?” என்பதோடு கேள்வியை நிறுத்திவிடாதீர்கள். யார் வழிகாட்டி, யார் பணம், எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். மாணவர்களே, பட்டியலைத் தயாரித்தவர்கள் உங்கள் தவணையைக் கட்டப்போவதில்லை. உங்கள் விசாவுக்காக வரிசையில் நிற்கப்போவதுமில்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். போடுவதற்கு முன் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை எந்தப் பெரிய பெயருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.